நோய் ஓரிடம், ஆய்வு வேறிடம்

குளத்து நீரை நம்பிக் கமஞ்செய்த எவருக்கும் ஒன்று தெரியும். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை மட்டும் பார்த்து அறுவடையைக் கணக்கிட முடியாது. துருசால் இறங்கும் நீர் எந்த வாய்க்காலில் ஓடுகிறது, எங்கே பிரிகிறது, எங்கே கரை உடைந்து வீணாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். குளம் நிரம்பி வான் பாய்கின்ற வருடத்திலும் கடைசி வயல் வெடித்துக் கிடப்பதுண்டு.

நோய்களைப் பற்றிய அறிவும் இவ்வாறுதான் பாய்கிறது. அது எவ்வழியாக ஓடுகிறது, எவரிடம் தங்கிவிடுகிறது, கடைசி வயலில் நிற்பவருக்கு எட்டுகிறதா என்பதைக் காண விஞ்ஞானிகள் ஒருவகை வரைபடத்தை வரைகிறார்கள். எந்த ஆய்வாளர் எவரோடு சேர்ந்து வேலை செய்கிறார், எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது என்பதைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் வரைபடம் அது. படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று இதனைத் தள்ளிவிட வேண்டாம். இரத்தம் கொடுத்தவர்கள், வினாக்கொத்துக்கு விடை சொன்னவர்கள் என்ற வகையில் எமது மக்களுக்கும் இதில் பங்குண்டு. "இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள் சுவாமி, பிறகு ஒரு பதிலும் இல்லை" என்ற பேச்சை நலன்புரி நிலையங்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்த இரத்தத்துளியின் வழியைப் பின்தொடர்ந்து பார்ப்பதற்கே இதனை எழுதுகிறோம்.

எவரும் தேடாத நோய்கள்

உலக சுகாதார ஸ்தாபனம் சில நோய்களைப் 'புறக்கணிக்கப்பட்ட அயனமண்டல நோய்கள்' என்று தனியாகப் பட்டியலிட்டிருக்கிறது. யானைக்கால், தொழுநோய், டெங்கு, விசர்நாய்க்கடியால் வரும் நீர்வெறுப்பு நோய், மணல் ஈ பரப்பும் தோற்புண் ஆகியவை இதில் அடங்கும். பாம்புக்கடி 2017ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. 2023 டிசெம்பரில் சேர்ந்த ஒரு நோயோடு பட்டியல் 21 ஆகியது. உலகில் 100 கோடிக்கு மேற்பட்ட மக்களை இவை தொடுகின்றன.

இத்தனை பேரைத் தொடும் நோய்கள் ஏன் புறக்கணிக்கப்பட்டன? காரணம் எளிது. இவற்றால் வருந்துவோர் மருந்து வாங்க வசதியற்றவர்கள். 1975 முதல் 1999 வரை உலகில் 1,393 புதிய மருந்துகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் அயனமண்டல நோய்களுக்கும் காசநோய்க்குமாக வந்தவை 16 மாத்திரமே. இக்கணக்கு 2002இல் வெளியானது. அதன் பின்னர் சில நல்ல முயற்சிகள் தொடங்கின. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1999இல் தனக்குக் கிடைத்த நோபல் சமாதானப் பரிசுப் பணத்தை ஆதாரமாக வைத்து, பிறேசில், இந்தியா, கென்யா, மலேசியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு 2003இல் மருந்து உருவாக்கும் கூட்டமைப்பொன்றை ஆரம்பித்தது. இலாபம் இல்லாத இடத்தில் தனியொரு கம்பனி வராது. அவ்விடத்தில் பலர் கூடினால்தான் வேலை நடக்கும். ஆகவே யார் யாரோடு கூடியிருக்கிறார் என்ற கேள்வி ஏனைய நோய்களைவிட இந்நோய்களுக்கு முக்கியமாகிறது.

புள்ளியும் கோடும்

ஓர் ஆய்வு முடிந்ததும் அதன் பெறுபேறு விஞ்ஞான சஞ்சிகை ஒன்றில் கட்டுரையாக வெளிவரும். கட்டுரையின் தலைப்பில் அதனை எழுதியவர்கள் அனைவரின் பெயர்களும், அவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களின் பெயர்களும் அச்சிடப்படும். இருவர் பெயர் ஒரே கட்டுரையில் இருந்தால் அவ்விருவரையும் இரண்டு புள்ளிகளாகக் குறித்து இடையில் ஒரு கோடு இழுக்கலாம். பத்துக் கட்டுரைகளில் சேர்ந்திருந்தால் கோட்டைத் தடிப்பாக்கலாம். ஆயிரக்கணக்கான கட்டுரைகளைக் கணனியில் போட்டு இவ்வாறு வரைந்தால் சிலந்தி வலை போன்ற ஒரு படம் கிடைக்கும்.

2001ஆம் ஆண்டில் மார்க் நியூமன் என்ற பெளதிகவியலாளர் இப்படியொரு பெரும் படத்தை ஆராய்ந்தார். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளை 1995 முதல் 1999 வரை எழுதிய 15 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். ஒருவரிலிருந்து இன்னொருவரை அடைய, 'அவரைத் தெரிந்தவரைத் தெரிந்தவர்' என்ற முறையில், சராசரியாக ஐந்து கோடுகளுக்கும் குறைவாகவே போதுமாயிற்று. எமது ஊரிலும் எவரைப் பிடித்தாலும் மூன்றாம் வீட்டில் சொந்தம் வந்துவிடுமல்லவா? விஞ்ஞானிகளின் உலகமும் அவ்வளவு சிறியதுதான்.

படத்தில் இரண்டு வகைப் புள்ளிகளை விசேடமாகத் தேடுவார்கள். ஒன்று, பலரோடு கோடு வைத்திருக்கும் நடுப்புள்ளி. மற்றையது, அதிகம் பேரைத் தெரியாவிட்டாலும் இரண்டு கூட்டங்களுக்கு இடையில் தனிப்பாலமாக நிற்கும் புள்ளி. முகாமில் வாழ்ந்தவர்களுக்கு இந்த இரண்டாம் வகையை விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஊரவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களில் இருப்பார்கள்; ஒருவரோடொருவர் பேசிப் பழக்கமில்லை. ஓர் ஊரிலிருந்து மற்ற ஊருக்குக் கலியாணஞ் செய்துபோன ஒரு பெண்மணி இரு பகுதியாருக்கும் இடையில் செய்தி கொண்டு போவார். அவருக்குப் பதவி கிடையாது. கூட்டங்களில் முன் கதிரையும் கிடையாது. ஆனால் அவர் வேறிடம் போன மறுநாளே எந்தப் பகுதிக்கு நிவாரணம் வந்தது என்பது மற்றப் பகுதிக்குத் தெரியாமற் போய்விடும். ஆய்வு உலகிலும் இத்தகைய சிறிய நிறுவனங்கள் உண்டு. எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்று மட்டும் எண்ணினால் அவை கண்ணிற் படா. படத்தை வரைந்தால்தான் தெரியவரும்.

ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவைக்கலாம். கணனிக்கு ஆளைத் தெரியாது, பெயரைத்தான் தெரியும். பிறேசிலிலும் எமது நாட்டிலும் 'சில்வா' என்ற பெயர் எத்தனை ஆயிரம் பேருக்கு இருக்கிறது! இரு நாட்டுக்கும் அப்பெயரைக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கேயரே. கவனிக்காமல் விட்டால் நூறு சில்வாக்களும் ஒரே மனிதராகிப் படத்தின் நடுவே பெரிய புள்ளியாக உட்கார்ந்துவிடுவார்கள். எமது பெயர்களில் இதற்கு மறுதலையான தொல்லை: முதலெழுத்தை ஒருமுறை முன்னாலும் ஒருமுறை பின்னாலும் போட்டு, ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதினால் ஒரே ஆள் இருவராகிவிடுவார். பங்குப் பதிவேடுகளில் ஞானஸ்நானப் பெயரையும் வீட்டுப் பெயரையும் பொருத்திப் பார்த்துத் தலையிடி கண்ட எமக்கு இது புதுமையல்ல.

பிறேசில் செய்த காரியம்

இந்த வரைபடத்தைச் சுவரில் தொங்கவிடாமல் காரியத்துக்குப் பயன்படுத்திய நாடு பிறேசில். அதனை விளங்கிக்கொள்ள நூறு வருடங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டும்.

கார்லோஸ் சாகஸ் என்ற இளம் வைத்தியர், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் புகையிரதப் பாதை போட்ட தொழிலாளரிடையே பரவிய மலேரியாவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டார். லஸான்ஸ் என்ற சிற்றூரில் தங்கியிருந்தபோது, மண்சுவர் வெடிப்புகளிலும் கூரை வேய்ந்த புல்லிலும் ஒளிந்திருந்து இரவில் தூங்குபவரின் முகத்தில் இரத்தம் குடிக்கும் ஒரு பெரிய மூட்டுப்பூச்சியைப் பற்றிப் பாதைப் பொறியியலாளர் ஒருவர் அவருக்குச் சொன்னார். சாகஸ் பூச்சியின் வயிற்றைத் திறந்து பார்த்தார்; உள்ளே ஒரு நுண்ணுயிர் இருந்தது. பூச்சிகளை றியோ டி ஜெனீரோவிலிருந்த தமது ஆசான் ஒஸ்வால்டோ குரூஸிடம் அனுப்பினார். 1909 ஏப்ரலில் லஸான்ஸிலேயே இரண்டு வயதுப் பெண்குழந்தை ஒன்றின் இரத்தத்தில் அதே உயிரைக் கண்டுபிடித்தார். இன்று சாகஸ் நோய் எனப்படுவது இதுவே. தொற்றி வருடக்கணக்கான பின்னர் இதயத்தைப் பழுதாக்கும். உலகில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க ஏழைகள், இதனைத் தாங்கி வாழ்கிறார்கள். அதற்குள்ள இரண்டு மருந்துகளும் 1960களிலும் 1970களிலும் வந்தவை.

இக்கண்டுபிடிப்பில் எத்தனை கோடுகள் சேர்ந்தன என்று பாருங்கள். பூச்சியைக் காட்டிய பொறியியலாளர், மண்வீட்டில் வாழ்ந்த குடும்பம், களத்தில் நின்ற வைத்தியர், தலைநகரின் ஆய்வுகூடம். ஒரு கோடு அறுந்திருந்தாலும் காரியம் நடந்திராது.

ஆனால் அடுத்த நூற்றாண்டில் அந்நாட்டின் விஞ்ஞானம் தென்கிழக்கின் செல்வ நகரங்களான சாவோ பாவுலோவிலும் றியோவிலும் திரண்டது. நோய்களோ வடக்கிலும் வடகிழக்கிலும் மத்திய மேற்கிலும் கிடந்தன. பிறேசிலின் மலேரியா நோயாளரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அமேசன் காட்டுப் பிரதேசத்தவர்கள். ஆய்வுப் பணம் கொடுக்கும் அதிகாரிகள் வழக்கம்போல எவர் அதிகக் கட்டுரை எழுதினார், எந்தப் பெயர்பெற்ற சஞ்சிகையில் எழுதினார் என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் பணம் மீண்டும் நகரத்துக்கே போகும். உள்ளவனுக்கே மேலும் கிடைக்கும்.

புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கென பிறேசில் அரசு ஓர் ஆய்வு நிதித்திட்டத்தைத் தொடங்கியபோது சுகாதார அமைச்சு ஏழு நோய்களைத் தெரிவுசெய்தது. கார்லோஸ் மோறெல் என்ற விஞ்ஞானியும் அவரது தோழர்களும் அந்நோய்கள் பற்றி பிறேசில் நாட்டவர் எழுதிய கட்டுரைகளைத் திரட்டி, பெயர்களைச் சீர்செய்து, மேலே சொன்ன படத்தை வரைந்தார்கள். மோறெல் முன்னர் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அயனமண்டல நோய் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். படத்திலே எந்த நிறுவனம் நடுவில் இருக்கிறது, எது இரு கூட்டங்களை இணைக்கும் ஒற்றைப் பாலம், எவர் வெளிநாட்டுப் பெருவலைகளில் சேர்ந்திருக்கிறார் என்பவை துலங்கின. இதனை அவர்கள் 2009இல் வெளியிட்டார்கள். அவர்களின் முடிவுகளில் ஒன்று எமக்கு மிகவும் பிடித்தது: நோயுள்ள பிரதேசங்களில் ஆட்பலமும் வசதியும் குறைந்த நிறுவனங்களைக் கட்டுரை எண்ணிக்கையால் அளப்பது பயன் குறைந்தது, அவை வலையில் எவ்விடத்தில் நிற்கின்றன என்று பார்த்தே அவற்றைத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். கடைசி வயலுக்குப் போகும் வாய்க்கால் சிறிதாக இருக்கிறதே என்று அதனை மூடிவிடுவதா, அல்லது அகழ்ந்துவிடுவதா? பிறேசில் அகழ்வது என்று தீர்மானித்தது.

படத்தில் இல்லாதவர்கள்

இப்படம் முழு உண்மையையும் காட்டுகிறது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கோடு இருக்கும் இடமெல்லாம் உறவு இருப்பதாகவும் கொள்ள முடியாது. 2015இல் வெளியான பெளதிகக் கட்டுரை ஒன்றை 5,154 பேர் எழுதினார்களாம். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப்பட்டியலே. கலியாண வீட்டு மொய்க்கொப்பி தோற்றுப்போகும்!

அதைவிடப் பெரிய குறை, கோடு இல்லாத இடத்தில் இருப்பவர்களைப் பற்றியது. லஸான்ஸ் குழந்தையும் பொறியியலாளரும் இந்த வகைப் படத்தில் வரமாட்டார்கள். எமது நாட்டு மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் இலங்கையில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதியப்பட்டார். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. இந்தக் காலத்தின் பெரும்பகுதி போர்க்காலம். வீடு வீடாக மருந்து அடித்தவர்கள், இடம்பெயர்ந்தோர் கொட்டில்களில் நுளம்பு வலை பங்கிட்டவர்கள், காய்ச்சல்காரரின் இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் எடுத்துப் பாதை திறக்கும்வரை காத்திருந்தவர்கள், இவர்களது பெயர்கள் எந்தச் சஞ்சிகையின் தலைப்பிலும் இல்லை. படம் கட்டுரை எழுதியவர்களைக் காட்டுகிறது. வேலை செய்தவர்கள் எல்லாரும் கட்டுரை எழுதுவதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. வசதிபடைத்த நாட்டு ஆய்வாளர் ஒரு வறிய நாட்டில் வந்து இறங்குவார், மாதிரிகளைச் சேர்ப்பார், பறந்துவிடுவார். கட்டுரையில் உள்ளூரவர் பெயர் இராது. ஊருக்குப் பெறுபேறும் வராது. விஞ்ஞானிகளே இதனைப் 'பரசூட் ஆய்வு' என்று இகழ்கிறார்கள். இங்கே வரைபடம் உதவுகிறது. நோய் ஒரு நாட்டில் இருக்க, அந்நோய் பற்றிய படத்தில் அந்நாட்டுப் புள்ளியே இல்லையென்றால், எவரும் விளக்கம் சொல்லாமலே விடயம் விளங்கிவிடும்.

பாம்புக்கடி வலை

இனி எமது வயலுக்கே வருவோம். பற்றைக்காடாய்க் கிடந்த காணியைத் துப்புரவு செய்யும்போதும், இரவில் நீர் கட்டப் போகும்போதும், கொட்டிலில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும்போதும் எமது மக்கள் அஞ்சுவது பாம்புக்கு. இந்த விடயத்தில் இலங்கை உலகப் படத்தின் ஓரத்தில் நிற்கவில்லை என்பதைச் சொல்ல எமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் எத்தனை பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்ற கணக்கு ஒன்று 2008இல் வெளியானது. குறைந்தது 20,000 பேர், கூடினால் 94,000 பேர் என்றது அது. அதற்கு முன்னின்றவர்கள் இலண்டனிலோ ஜெனீவாவிலோ இருந்தவர்களல்லர். றாகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார். பின்னர் 2012–2013 காலத்தில் அவர்கள் எமது நாட்டின் ஒன்பது மாகாணங்களிலும் வீடு வீடாகச் சென்று 1,65,665 பேரின் விபரங்களைத் திரட்டினார்கள். 2016இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் 80,000க்கு மேற்பட்ட கடிகள்; அவற்றில் 30,000க்கு மேற்பட்டோருக்கு விஷம் ஏறியது; 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கிராமத்தில் வாழ்வோரும் வருமானம் குறைந்தோருமே கூடுதலாகக் கடிபட்டார்கள். வைத்தியசாலைப் பதிவேட்டை மட்டும் நம்பினால் இத்தனை பேரும் கண்ணிற் பட்டிருக்க மாட்டார்கள், ஏனெனில் கடிபட்ட எல்லாரும் வைத்தியசாலைக்குப் போவதில்லை.

அக்கட்டுரையின் பெயர்களைக் கொண்டு ஒரு சிறு படம் வரைந்தால் றாகமையிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூலுக்கும் லங்காஸ்ரருக்கும், அவுஸ்திரேலியாவின் நியூகாசிலுக்கும் சிட்னிக்கும் கோடுகள் போகும். நடுவில் நிற்பது றாகமை. உங்கள் வீட்டுக்கு வந்து "கடந்த ஒரு வருடத்தில் இந்த வீட்டில் எவரையாவது பாம்பு கடித்ததா?" என்று கேட்ட பிள்ளையின் கொப்பியிலிருந்து லங்காஸ்ரரின் கணிதவியலாளரிடம் போய், எந்த இடத்தில் ஆபத்து எவ்வளவு என்று நிறந்தீட்டிய இலங்கைப் படமாக அது திரும்பி வந்திருக்கிறது. பரசூட் ஆய்வுக்கு மறுதலையான வழி இது.

மருந்து விடயத்தில் படம் இன்னொன்றைச் சொல்கிறது. எமது வைத்தியசாலைகளில் ஏற்றப்பட்டு வந்த விஷமுறி மருந்து இந்தியாவில், இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் குதிரைகளுக்கு ஏற்றிச் செய்யப்படுவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அது உரியது. ஆனால் நுனிமூக்கு மேலே வளைந்த சிறிய விரியன் ஒன்று இலங்கையில் பெருந்தொகையானோரைக் கடிக்கிறது. அதன் விஷத்துக்கு அந்த மருந்து உதவாது. இக்குறையைத் தீர்க்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் எவரோடு கைகோர்த்தார்கள் தெரியுமா? பூமியின் மறுபக்கத்தில் உள்ள கொஸ்ரா றிக்காவோடு. இராணுவமே இல்லாத அந்தச் சின்னஞ்சிறு நாட்டின் பல்கலைக்கழகத்தில் 1970 முதல் பாம்பு விஷத்துக்கென ஒரு நிறுவகம் இயங்குகிறது. அமெரிக்கத் தொண்டு அமைப்பொன்றும் இடையில் நின்றது. இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு, அந்தச் சிறு விரியனையும் உள்ளடக்கிய மருந்தொன்றைச் செய்து, ஆய்வுகூடப் பரிசோதனை முடிவுகளை 2016இல் வெளியிட்டார்கள். ஆய்வுகூடத்தில் நல்ல பெறுபேறு கிடைப்பது வேறு, மாவட்ட வைத்தியசாலையின் குளிர்ப்பெட்டியில் மருந்து இருப்பது வேறு என்பதை மறக்கலாகாது. ஆயினும் சிறிய நாடுகள் இரண்டு தமக்குள் நேரே கோடு இழுத்தது எமக்கு நம்பிக்கை தருகிறது.

மூன்றாவது கோடு நேபாளத்துக்குப் போகிறது. கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் நோவு பெரிதாக இராது. எறும்பு கடித்ததென்று மறுபடி தூங்கியவர் விடியுமுன் மூச்செடுக்க முடியாமற் போவார். இதனை இலங்கை வைத்தியர்கள் நன்கு பதிந்திருக்கிறார்கள். தென்கிழக்கு நேபாளத்தின் வயற்கிராமங்களில், அந்நாட்டு வைத்தியர்களும் ஜெனீவா வைத்தியர்களும் சேர்ந்து ஆராய்ந்து, நுளம்பு வலைக்குள் தூங்குபவர்களுக்குப் பாம்புக்கடி மிகக் குறைவு என்று 2007இல் காட்டினார்கள். வலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகினால் நுளம்போடு பாம்பும் வெளியே நிற்கும். அதே வைத்தியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கிராமத்து இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்து, கடிபட்டவரை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, உடனே சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோக ஒழுங்குசெய்தார்கள். விழிப்பூட்டலும் நடந்தது. முன்னர் நூறு பேரில் பத்துப் பேர் இறந்த இடத்தில், பின்னர் இருநூறு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு இறப்புக் குறைந்தது. இதற்குப் புதிய மருந்து தேவைப்படவில்லை.

எமது வருத்தம் இதுதான். நேபாளத்தில் 2007இல் கண்ட உண்மை ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது. கொழும்பிலும் கண்டியிலும் உள்ள வைத்தியர்கள் படித்தார்கள். நிலத்தில் பாய் விரிக்கும் குடும்பத்துக்கு அதனைத் தமிழில் எவர் சொன்னார்? விஞ்ஞானியிலிருந்து விஞ்ஞானிக்கு ஐந்து கோடு போதும் என்று நியூமன் கணக்கிட்டார். விஞ்ஞானியிலிருந்து வன்னிக் கொட்டிலுக்கு எத்தனை கோடு என்று ஒருவரும் இன்னும் எண்ணிப் பார்த்ததாக நாம் அறியோம்.

வருபவர்களிடம் கேட்க வேண்டியவை

ஆய்வுக்கு வருபவர்களைத் துரத்த வேண்டும் என்பதற்காக இதனை நாம் எழுதவில்லை. றாகமைக்காரரை எல்லாரும் துரத்தியிருந்தால் அந்த 80,000 கடியும் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம் ஆய்வாளர்களின் நடத்தைக்கு அடிப்படை. விளங்கும்படி சொல்லி, விருப்பத்தைப் பெற்ற பின்னரே ஒருவரை ஆய்வில் சேர்க்கலாம். விரும்பாவிட்டால் மறுக்கலாம், இடையிலும் விலகலாம். ஆய்வின் பொதுவான பெறுபேற்றை அறியும் வாய்ப்பும் பங்குபற்றியவருக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எனவே "மறுத்தால் நிவாரண அட்டையை வெட்டுவார்களோ" என்று பயப்படத் தேவையில்லை; அப்படி எவராவது சொன்னால் அது பெருங்குற்றம், உடனே பங்குத்தந்தையிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லுங்கள்.

வருபவரிடம் தமிழில் எழுதிய விளக்கத்தாளைக் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். யாழ்ப்பாணம் உட்பட எமது மருத்துவ பீடங்களில் அத்தகைய குழுக்கள் இருக்கின்றன. இரத்தம் எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது, நாட்டை விட்டு வெளியே போகிறதா, உள்ளூர் வைத்தியர் எவர் இந்த ஆய்வில் சேர்ந்திருக்கிறார் என்பதையும் கேட்கலாம். நல்ல ஆய்வாளர் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதி, அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் பெறுபேறு வராவிட்டால் எவரிடம் கேட்பது என்பது அப்போது தெரிந்திருக்கும்.

அடுத்த கமக்காரர் கூட்டத்தில் ஒரு பெரிய தாளை விரித்து உங்கள் ஊருக்கென ஒரு படத்தை நீங்களே வரைந்து பார்க்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி வையுங்கள். மோட்டார் சைக்கிள் உள்ள வீடு, இரவில் தொலைபேசி எடுக்கக்கூடிய வீடு, குடும்பநல உத்தியோகத்தர், விஷகடி வைத்தியர், விஷமுறி மருந்து இருக்கும் வைத்தியசாலை ஆகியவற்றையும் குறியுங்கள். எந்த வைத்தியசாலையில் அந்த மருந்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும். நடுச்சாமத்தில் விசாரிக்க நேரம் இராது. விஷகடி வைத்தியரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். கடிபட்டவர் அவரிடம் முதலில் ஓடி வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புவதாக அவர் ஒப்புக்கொண்டால் அதுவே பெரிய கோடு. பின்னர், இரவு பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் பாம்பு கடித்தால் அவ்வீட்டார் எவரை எழுப்புவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கோடு இழுங்கள்.

சில வீடுகளுக்கு ஒரேயொரு கோடுதான் இருக்கும். தனித்திருக்கும் வயோதிபர் வீடும், ஆண்துணையின்றிப் பிள்ளைகளோடு இருக்கும் தாயின் கொட்டிலும் ஒருவேளை ஒரு கோடும் இல்லாமல் நிற்கும். அந்த வீடுகளுக்கு இரண்டாவது கோடு எவர் என்பதைக் கூட்டம் கலையுமுன் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். மாரியில் எந்தப் பாதையை வெள்ளம் மூடும் என்பதையும் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள்.